இடது கால் கொஞ்சம் நீளம்

ஈரத்தோலை இரண்டு கைகள் கால் வடிவ மரக்கட்டையின் மேல் இழுத்துக்கொண்டிருந்தன. வலது கை குறட்டால் விளிம்பைக் கவ்வி இழுத்தது. இழுத்தது நழுவிவிடாமல் இடது கைப் பெருவிரல் அமுக்கிப் பிடித்தது. வாயில் ஒதுக்கியிருந்த ஆணிகளில் ஒன்று உதட்டுக்கு வந்து, விரலுக்குப் போய், தோலில் இறங்கியது. குறட்டின் தலையாலேயே ஒரு தட்டு, பிறகு அடுத்த இழுப்பு. சப்பாத்தின் மூக்குப் பக்கம் சுருக்கம் விழக் கூடாது என்றால் அவசரப்படக் கூடாது. அந்தக் கைகளுக்கு அது தெரியும். ஆனால் இன்றைக்குக் கட்டைதான் முரண்டு பிடித்தது. இரண்டு பக்கமும் தோல் துண்டுகளை ஒட்டி ஒட்டி அகலப்படுத்தின கட்டை அது. குளவி கொட்டின கால் மாதிரி இருந்தது.

"யாரு காலுடா இது? ஆமைக்கு அளவெடுத்தியா?" என்றான் எதிர்ப்பலகையில் உட்கார்ந்திருந்த வெனான்சியோ.

"தெரியலே அண்ணே."

"தெரியாத காலுக்குத் தைக்கிறவனை இன்னிக்குத்தான் பாக்கிறேன்."

தைத்துக்கொண்டிருந்தவன் பெயர் லிபோரியோ. கஷோயிரா ஊரில் ஆற்றங்கரைத் தெருவில், புகையிலைக் கிடங்குகளுக்கு நடுவே இருந்த சப்பாத்துக் கடையில் அவன் சிறு வயதிலிருந்து வேலை செய்தான். கடை கர்னல் ஒனொராத்தோவுக்குச் சொந்தம். லிபோரியோவும் கர்னலுக்குச் சொந்தம். அவர் நகரசபைக்குத் தலைவர், காவற்படைக்குக் கர்னல், கிடங்குகளில் பாதிக்கு முதலாளி, தவக்கால ஊர்வலத்தில் சுரூபத்துக்கு மேல் வரும் விதானத்தின் முன்கால் பிடிக்கிறவர். மேட்டில் மாதா கோயிலுக்கு எதிரே அவருடைய மாடிவீடு.

வெனான்சியோ அடிமை இல்லை. எப்போதோ விடுதலை வாங்கிவிட்டு, அதே கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போவான். எங்கள் ஊரில் விடுதலை பெற்ற பலபேர் அப்படித்தான் போவார்கள். அடிமை சப்பாத்துப் போடுவதில்லை. அதனால் விடுதலை வந்ததும் முதல் காரியம் சப்பாத்து. ஆனால் அத்தனை வருஷம் மண்ணிலும் கல்லிலும் பரந்துபோன கால் அதற்குள் அடங்க மறுக்கும். போடவும் முடியாது, விடவும் மனசு வராது. இரண்டு கயிற்றையும் முடிந்து கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார்கள். கையில் சப்பாத்தோடு ஒரு கறுப்பன் வந்தால் அவன் சுதந்திர மனிதன் என்று அர்த்தம். காவல்காரன்கூட வழி விடுவான்.

இந்தக் கட்டைக்கான அளவு வந்த விதமே விசித்திரமானது. கர்னலின் மனைவி தோனா அவுரேலியா தானே பல்லக்கில் இறங்கி வந்தாள். கால் அளவுக்கு வெட்டுப் போட்ட தோல் நாடா ஒன்றைப் பலகைமேல் வைத்தாள்.

"ஊர்வலத்துக்கு முந்தி வேணும். கறுப்புக் கன்றுத்தோல், இருக்கிறதிலே உசத்தி. யாருக்குன்னு கேக்காதே. மத்தவங்ககிட்ட பேசவும் பேசாதே."

"சரிங்கம்மா."

அவள் போனதும் லிபோரியோ நாடாவை விரலால் தடவிப் பார்த்தான். நாடாவைத் தடவினாலே கால் அவன் கண்முன் வந்துவிடும். இது வரவில்லை. நீளம் பெரிய மனிதரின் நீளம். அகலம் வயல்காட்டு அகலம். சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கிறது என்று ஒரு தனி வெட்டு சொன்னது. அதோடு, நீளத்துக்கு இரண்டு வெட்டு. இடது கால் வலது காலைவிட ஓர் அரிசி மணி அளவு நீளம்.

கட்டைகள் தொங்கும் சுவரில் ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தான். நீளத்துக்குச் சரியாக வந்தது கர்னலுடைய பழைய கட்டை மட்டும்தான். அதை எடுத்தான். அதன் அகலம் போதவில்லை. தோல் துண்டுகளை ஒட்ட ஆரம்பித்தான். கர்னல் ஒரு வருஷமாக வெளியில் வரவில்லை, காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது என்று ஊரில் சொன்னார்கள். கட்டை சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்தானே தவிர, வேறு எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

தோன்றினது வெனான்சியோவுக்கு. அதுவும் தப்பாக.

"இந்த அகலத்தைப் பாரு. சப்பாத்தே பாக்காத காலுடா இது. விரல் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திசையிலே. வெறுங்கால்காரன் கால். அவனுக்கு எதுக்குக் கன்றுத்தோல்?"

லிபோரியோ அடுத்த தோல் துண்டைச் சீவினான்.

"ஊர்வலத்துக்கு முந்தி வேணும்னு அம்மா சொன்னாங்க இல்லே? போன வருஷம் கிடங்குக்காரர் என்ன பண்ணினார்? கோயில் வாசல்லே, இயேசு பேரைச் சொல்லி, தன்னோட சமையக்காரனை விடுதலை பண்ணினார். சப்பாத்து மாட்டிப் பக்கத்துலே நிறுத்தி வெச்சார். ஊரே கை தட்டிச்சு. இப்போ கர்னல் முறை. யாருக்கோ விடுதலை."

"யாருக்கு?"

"காலைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுடா. உன் காலை நீ என்னிக்காவது அளந்திருக்கியா?"

அளந்ததில்லை. ஊரில் பாதிப்பேருடைய காலை அளந்திருந்தான். தன் காலுக்கு அளவெடுக்க ஒருநாளும் தேவை வந்ததில்லை. வெனான்சியோ மண்டியிட்டு நாடாவை அவன் குதிகாலில் வைத்து இழுத்தான். இடது காலில் வெட்டு சரியாக விரல்நுனியில் வந்து நின்றது. வலது காலில் அடுத்த வெட்டு. சுற்றளவும் ஒத்துவந்தது. புடைத்த எலும்பும் அதே இடத்தில்.

வெனான்சியோ நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "ஆமை நீதான்டா."

லிபோரியோவுக்கு என்ன நினைப்பது என்று தெரியவில்லை. சந்தோஷம் வர வேண்டும் என்று காத்திருந்தான். அது பாதி வந்து வாசலிலேயே நின்றது. கர்னல் விஷயத்தில் அவனுக்கு எப்போதும் இப்படித்தான்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் மாடிவீட்டின் படியில் உட்கார்ந்திருந்தான். கர்னல் பிரம்பால் முதுகில் விளாசினார். அதே கர்னல் மறுநாள் தோட்டத்தில் அவனைக் கூப்பிட்டுத் தன் கையால் கொய்யா அல்வாவை வெட்டிக் கொடுத்தார். தின்று முடிக்கும்வரை நின்று பார்த்தார். அவனோடு வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் கரும்புக்கும் புகையிலைக்கும் போனார்கள். அவனை மட்டும் சப்பாத்துக் கடைக்கு அனுப்பினார். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அடி விழுந்தபோதும் காரணம் தெரியாது, அல்வா வந்தபோதும் தெரியாது. கர்னல் கையைத் தூக்கினால் அது எதற்குத் தூக்கினது என்று இன்றுவரை அவனால் ஊகிக்க முடிந்ததில்லை.

அவன் வெளுத்த நிறத்தைப் பார்த்து, அப்பா யார் என்று ஊரில் பேசினார்கள். கர்னல் என்றது ஒரு கூட்டம். செத்துப்போன அவர் தம்பி என்றது இன்னொன்று. பழைய கணக்குப்பிள்ளை என்றுகூடச் சிலர். அம்மா எபிஜேனியாவிடம் கேட்டால், "சட்டையைக் கழட்டு, துவைக்கணும்" என்பாள். மாடிவீட்டின் துணி துவைக்கிறவள் அவள். கேள்விக்கெல்லாம் அவளிடம் இருந்த பதில் அதுதான்.

அவன் தைத்தான். தைத்ததிலேயே அழகான ஜோடி அது என்று வெனான்சியோ பின்னால் சொல்வான். அடித்தோலை ஊறவைத்து, தட்டி, மெழுகு நூலை இரண்டு ஊசியில் எதிரெதிராக வாங்கித் தைத்தான். குத்தூசி ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும், இது எனக்கா, எனக்கு என்றால் ஏன் எனக்கு, என்று கேட்டபடியே போனது. மகன் என்பதற்காக விடுகிறாரா? அப்படி என்றால் அதை வாயால் சொல்வாரா? வேலைக்காரன் என்பதற்காக விடுகிறார் என்றால் மற்ற வேலைக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? கட்டையிலிருந்து கழற்றினதும் ஒட்டின துண்டுகளில் அவனுக்கு நம்பிக்கை இல்லை. காலில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்தான். பலகைத்தரையில் நடந்தான். சத்தம் கேட்டது. தன் காலடிச் சத்தத்தை அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டான். யாரோ பின்னால் வருகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தான்.

"ரெண்டு பேரு நடக்கிற மாதிரி இருக்கா?" என்றான் வெனான்சியோ சிரித்துக்கொண்டே. "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

வெனான்சியோவின் வாயில் விஷயம் நிற்காது. இரண்டு நாளில் ஆற்றங்கரைத் தெரு முழுக்கத் தெரிந்துபோனது. படகுக்காரர்கள் தொப்பியைத் தொட்டார்கள். ஒருத்தன் தன் தங்கையைப் பற்றிப் பேச்செடுத்தான்.

அம்மாவிடம் தானே சொல்லிவிட வேண்டும் என்று லிபோரியோ காலையில் ஆற்றுக்குப் போனான். எபிஜேனியா பாறைமேல் துணியை அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் செய்தி எட்டியிருந்தது. முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"அந்த நாடாவைக் குடு."

கொடுத்தான். ஈரக்கையால் வாங்கினாள். ஒவ்வொரு வெட்டின் மேலும் நகத்தை வைத்து நிறுத்தினாள். நீளத்துக்கான இரண்டு வெட்டுக்கும் நடுவில் நகம் நின்றுபோனது.

"இது உன் கால் இல்லேடா."

"என் காலுக்குச் சரியா இருக்கும்மா. வெனான்சியோ அளந்தான். நானும் போட்டுப் பார்த்தேன்."

"சரியாத்தான் இருக்கும்." அவள் நாடாவை மடித்தாள், பிரித்தாள். "இந்தக் கால் எனக்குத் தெரியும். வேட்டை முடிஞ்சு கர்னல் வந்தா நான்தான் கழுவி விடணும். அப்போ எனக்குக் கல்யாண வயசுகூட ஆகலே. இடது கால் கொஞ்சம் நீளம். இந்த எலும்பு அப்பவே இருந்துச்சு. இப்போ வாதத்துலே வீங்கிக் கிடக்கு. காய்ச்சல்னு ஊருக்குச் சொல்றாங்க. வீங்கின காலைச் செருப்புக்காரன் பாக்கக் கூடாதுன்னு எசமானியம்மாவே அளந்து எடுத்துட்டு வந்திருக்காங்க. விதானம் பிடிக்கணும் இல்லே, அதான்."

லிபோரியோ பாறையில் உட்கார்ந்தான்.

"நீ பொறந்ததும் எல்லாரும் முகத்தைப் பாத்தாங்க," என்றாள் அவள். "நான் காலைத்தான் பாத்தேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் யாரோ மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே வாக்கியத்தில் அவனுக்கு ஒரு அப்பா வந்துவிட்டார், ஒரு விடுதலை போய்விட்டது. எதற்கு முதலில் அழ வேண்டும் என்று தெரியாமல் ஈரத் துணி ஒன்றை எடுத்துப் பிழிந்தான்.

"ஏம்மா இத்தனை நாள் சொல்லலே?"

"சொன்னா நீ அவரைப் பாக்கிற பார்வை மாறும். பார்வை மாறினா அடி விழும். அதைப் பிழியாதே, இன்னும் அலசலே."

"நான் அவரைக் கேக்கட்டுமா?"

"என்னன்னு கேப்பே?"

விடுதலை கொடுங்கள் என்று கேட்டால் அது அடிமை கேட்கிறது. நான் உங்கள் மகனா என்று கேட்டால் அது மகன் கேட்கிறது. ஒரே வாயால் இரண்டையும் கேட்க முடியாது. ஒன்றைக் கேட்டால் மற்றது செத்துப் போகும் என்று அவனுக்குப் பட்டது.

கடைக்கு வந்து வெனான்சியோவிடம் சொன்னபோது அவன் வேலையைக் கீழே வைத்தான். "என் வாயைத் தைச்சுடு," என்றான். "நூல் இருக்கு, ஊசி இருக்கு." பிறகு வேலையை மறுபடி கையில் எடுத்து, "இருந்தாலும் கேளுடா. எதையாவது கேளு," என்றான்.

பின்னாளில் கிழவராகிவிட்ட லிபோரியோவை எங்கள் தெருவில் தெரியாதவர்கள் இல்லை. கர்னல் அவரை விடுவிக்கவில்லை. கர்னல் செத்துச் சில வருஷம் கழித்து தோனா அவுரேலியா விடுவித்தாள். காரணம் அவளும் சொல்லவில்லை. அதன்பிறகு அவர் ஊருக்கெல்லாம் தைத்தார். தனக்கென்று ஒரு ஜோடி தைத்துக்கொள்ளவே இல்லை. சுதந்திர மனிதர், வெறுங்காலோடு பூசைக்கு வருவார், கையிலும் எதுவும் இருக்காது. ஏன் என்று கேட்டால், "எனக்குத்தான் ஒரு தடவை தைச்சாச்சே," என்பார். அவர் சொன்னது இந்த ஜோடியைத்தான்.

அந்த வருஷ ஊர்வலத்துக்கு முந்தின நாள் லிபோரியோ சப்பாத்துக்குக் கடைசி மெழுகு போட்டு முடித்தான். இனி மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வழக்கமாக ஜோடியைக் கயிறு முடிந்து கையில் பிடித்துக்கொண்டு போவான். சப்பாத்துக்காரன் கையில் சப்பாத்து இருந்தால் அதில் பேச ஒன்றும் இல்லை. இப்போது அப்படி இல்லை. கையில் பிடித்துக்கொண்டு போனால், விடுதலை பெற்றவன் போகிறான் என்று தெரு எழுந்து நிற்கும். துணியில் சுற்றிக்கொண்டு போனால் ஒளிக்கிறான் என்பார்கள், பிரித்துக் காட்டச் சொல்வார்கள். வாசலில் நின்றான். துணியை எடுத்தான், வைத்தான். கயிற்றை முடிந்தான், அவிழ்த்தான்.

பிறகு பலகையில் உட்கார்ந்து சப்பாத்தைக் காலில் மாட்டினான்.

"டேய்," என்றான் வெனான்சியோ. "என்னடா பண்றே?"

"தெரியலே அண்ணே."

அது உண்மை. தெரிந்து செய்யவில்லை. ஒருவேளை அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று இருந்திருக்கலாம். ஒருவேளை அந்தக் கால் நடக்கிற மாதிரி நடந்து பார்க்க வேண்டும் என்று இருந்திருக்கலாம். எழுந்து தெருவில் இறங்கினான்.

கல் பாவின தெரு கோயிலை நோக்கி ஏறியது. முனையில் தேங்காய் மிட்டாய் விற்கிற ரொமானா தட்டிலிருந்து ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய் லிபோரியோ, எங்கேடா..." என்று ஆரம்பித்தவள் காலைப் பார்த்தாள். தோள்துணியை இழுத்து விட்டுக்கொண்டாள். "வாங்க லிபோரியோ. எங்கே கிளம்பிட்டீங்க?"

"சப்பாத்து குடுக்கப் போறேன்."

"யாருக்கு?"

"கர்னலுக்கு."

"போட்டுட்டுப் போயா குடுப்பாங்க?" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "விடுதலை வந்ததும் தமாஷும் வந்துடுச்சு உங்களுக்கு. இந்தாங்க, வாய்க்கு இனிப்பா."

மிட்டாயை வாங்கிக்கொண்டான். தன்னைப் பார்த்து ஒருவர் 'வாங்க' என்றது அதுதான் முதல் தடவை. திருத்த வேண்டும் என்று வாயைத் திறந்தான். எதைத் திருத்துவது என்று புரியாமல் மூடிக்கொண்டான். கோயில் முனையில் காவல்காரன் கையைத் தூக்கினான். தடுக்கவா, வணங்கவா என்று அவனுக்கே நிச்சயம் இல்லாமல், தூக்கின கையால் மீசையைத் தடவிக்கொண்டான்.

மேடு செங்குத்தாகும் இடத்தில் இடது கால் கடிக்க ஆரம்பித்தது. சுண்டுவிரலுக்குக் கீழே, எலும்பு முட்டுகிற இடத்தில். பலகைத்தரையில் நடந்தபோது இது தெரியவில்லை. கொஞ்சம் நொண்டியபடி ஏறினான். ஏறும்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். மாடிவீட்டு ஜன்னலில் கர்னல் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

திரும்பி ஓட இடமில்லை. உள்ளே போனான். படியேறினான். ஒவ்வொரு படியிலும் இரண்டு பேர் ஏறுகிற சத்தம்.

கர்னல் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். கால்கள் வெந்நீர்த் தொட்டியில். தோனா அவுரேலியா துண்டோடு நின்றாள். லிபோரியோவின் காலைப் பார்த்து அவளுக்கு முகம் வெளுத்தது.

"நீ உள்ளே போ," என்றார் கர்னல் அவளிடம். அவள் போனாள்.

தொட்டிக்குள் அந்தக் கால்களை லிபோரியோ பார்த்தான். அவற்றுக்காக எத்தனை ஜோடி தைத்திருக்கிறான். வெறுமையாகப் பார்த்தது இப்போதுதான். வீங்கி, பரந்து, விரல்கள் விலகி. இடது கால் கொஞ்சம் நீளம்.

"முனையிலேர்ந்தே பாத்தேன். போட்டுட்டு வந்திருக்கே."

"ஆமா எசமான்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலே."

நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த பிரம்பின் மேல் கர்னலின் கை போயிற்று. அங்கேயே இருந்தது. எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. படியில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளையைப் போல லிபோரியோ அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கடிச்சுதா?"

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. "இடது காலிலே எசமான். சுண்டுவிரலுக்குக் கீழே. மேடு ஏறும்போது மட்டும்."

கர்னல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சமதரையிலே கடிக்காது," என்றார். "மேட்டுலேதான் கடிக்கும். எங்கப்பாவுக்கும் அங்கேதான் கடிக்கும்."

அறையில் தொட்டித் தண்ணீர் அசைகிற சத்தம் மட்டும் இருந்தது. கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று லிபோரியோவுக்குத் தெரிந்தது. விடுதலையா, மற்றதா. இரண்டும் தொண்டைக்கு வந்து ஒன்றையொன்று தள்ளின. வாயைத் திறந்தான்.

"இளக்கித் தர்றேன்," என்றான்.

தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தான். சப்பாத்துகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அவன் வெறுங்கால் தொட்டியின் பக்கத்தில் தரையில் கிடந்தது. கர்னல் தன் காலையும் அவன் காலையும் பார்க்கிறார் என்று நிமிராமலே தெரிந்தது. இழுத்து மறைத்துக்கொள்ளத் தோன்றியது. மறைக்கவில்லை. இடுப்பிலிருந்து எலும்புக் கோலை எடுத்தான். சப்பாத்தின் உள்பக்கம், கடித்த இடத்தில் எச்சில் தொட்டு ஈரமாக்கினான். கோலின் முனையால் உள்ளிருந்து வெளியே அழுத்தி அழுத்தித் தேய்த்தான். தோல் மெல்ல மெல்ல எலும்புக்கு இடம் விட்டது. விரலை விட்டுப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் அழுத்தினான். மறுபடி விரலை விட்டான். போதும்.

எழுந்து நின்றான். வழக்கம் என்றால் சப்பாத்தைத் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்க வேண்டும். குனிந்தான். கர்னல் பிரம்பை விட்டுவிட்டுக் கையை நீட்டியிருந்தார். தன் கால்சூடு இன்னும் ஆறாத இடது சப்பாத்தை முதலில் நீட்டினான். கர்னல் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.